ஆறாவது பாட்டின் முதல் நிமிஷம்

செஞ்சி
4-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாறன் எழுதுகிறேன். நம் வழக்கப்படி இன்று திங்கள் மதியத் தபாலுக்குள் இதைப் பெட்டியில் போட்டுவிடுவேன். குன்னூரில் நீயும் இதே நேரம் போட்டிருப்பாய். நம் இங்கிலீஷ் பாட்டுக் குழு டஸ்க் வார்டன்ஸ் புது ஆல்பம் விட்டால் போனில் பேசக் கூடாது, ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்டு, ஒரே நாளில் எழுதி அனுப்ப வேண்டும், ஒருத்தர் கருத்து இன்னொருத்தர் மேல் ஒட்டக் கூடாது என்று நீ சட்டம் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போஸ்ட் ஆபீஸ் வேலை கிடைத்த ஜோரில் ஸ்டாம்பு விற்கப் போட்ட சட்டம் என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். நாற்பது வருஷமாகக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சாவையும் மழையையும் பாடுகிற கிழவர்கள் ஒரு பழைய சர்ச்சில் கச்சேரி செய்து, அதை 'லாங் கேண்டில்' என்று லைவ் ஆல்பமாக விட்டிருக்கிறார்கள். நான் எவ்வளவு ஆசையோடு உட்கார்ந்தேன் தெரியுமா? கடையை இழுத்துச் சாத்திவிட்டு, வாடகைக்கு விடுகிற பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும் எதிரே வைத்து உட்கார்ந்தேன்.

பாடுகிற கேலின் குரல் உடைந்திருக்கிறது. அது எனக்குப் பிடித்தது. அறுபத்தெட்டு வயதில் சாவைப் பாடினால் நம்பும்படி இருக்கிறது. பேஸ் கிடார் நெஞ்சில் வந்து இடிக்கிறது. ஆனால் டிரம்ஸ்காரர்? கை செத்துவிட்டது அக்கா. தோல் வாத்தியம் மட்டும் தொம் தொம் என்று கேட்கிறது, சிம்பல் தட்டு ஒன்றுகூட எழவில்லை. இந்தக் கிழவன் வீட்டில் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருக்கலாம்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை ஆறாவது பாட்டு, 'வின்டர் கீப்பர்'. முதல் ஒரு நிமிஷம் வெறும் காலி. சத்தமே இல்லை. ஐம்பத்தெட்டாவது நொடியில் கூட்டத்தில் யாரோ இருமுகிறார், அது கேட்கிறது. பிறகு பேஸ் வருகிறது. எடிட்டிங்கில் கோட்டை விட்டிருக்கிறார்கள், உலகம் முழுக்க ஒருத்தனும் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன் சொல்கிறேன், பத்துக்கு மூன்று. நம் ரசிகர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் இதைப் போட்டுவிட்டேன். கடிதம் வரும்வரை நீ அதைத் திறக்கமாட்டாய் என்று தெரியும்.

மகாலட்சுமி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். டிவியை நான் ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறேன் என்று தினமும் சண்டை.

தம்பி,
நெடுமாறன்

*

குன்னூர்
4-8-2025

அன்புள்ள மாறனுக்கு,

மாறா, நான் இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் திரிகிறேன். ஆபீஸில் பார்சலுக்கு எடை போடும்போதுகூடக் காதில் அந்த ஆல்பம்தான் ஓடுகிறது.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ என்னைக் கண்மூடி ரசிகை என்பாய். மூன்றாவது பாட்டை இழுத்துவிட்டார்கள். கூட்டத்தின் கூச்சலைச் சீவி எடுத்துவிட்டதால் சில இடங்களில் கச்சேரி என்றே தோன்றவில்லை. கேலுக்கு மூச்சு வாங்குகிறது, அதை மறைக்க எதிரொலியைக் கொட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஆறாவது பாட்டு! டிரம்ஸ்காரர் ஒற்றை ஆளாகக் கம்பிப் பிரஷால் சிம்பலைத் தடவிக்கொண்டே இருக்கிறாரே, முழுசாக ஒரு நிமிஷம். கூட்டம் மூச்சு விடவில்லை. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன், அடுப்பில் பால் பொங்கி ஊற்றியது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே பத்துக்கு ஒன்பது. நீ அதை எத்தனை தடவை கேட்டாய்? கடையைச் சாத்திவிட்டு அதிலேயே விழுந்து கிடப்பாய் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அக்கா,
ஜெயக்கொடி

*

செஞ்சி
9-8-2025

அக்கா,

உன் கடிதம் வந்தது. முதலில் சிரித்தேன். குரூப்பில் இருக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டு நீயும் என்னை ஓட்டுகிறாய் என்று நினைத்தேன்.

அங்கே நடந்ததை இந்நேரம் படித்திருப்பாய். சென்னைக்காரன் குரு, "அண்ணே, அந்த ஒரு நிமிஷந்தாண்ணே ஆல்பமே" என்கிறான். இராமச்சந்திரன் சார் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி, சிம்பல் இவ்வளவு சுத்தமாகப் பதிவான லைவ் ஆல்பமே கிடையாது என்கிறார். இன்னொரு பொடியன், "சவுண்ட் சர்வீஸ்காரருக்குக் காதுல இன்னா பஞ்சா?" என்று கேட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டான். நான் வாயில் வந்ததைத் திட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நாற்பது பேர் ஒன்று சேர்ந்து பொய் சொன்னால் அது உண்மையாகிவிடுமா?

என் பாக்ஸில்தான் கோளாறோ என்று பார்த்தேன். மேல் சத்தம் தருகிற சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர் என்போமே, அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். அதுவும் செத்த பீஸ். கடையில் கொண்டுபோய்ச் சண்டை போட்டு வேறு வாங்கினேன். அதுவும் ஊமை. கடைக்காரர் தன் கடையிலேயே மாட்டிப் போட்டுக் காட்டினார். "நல்லாத்தானே கேக்குது மாறா, இன்னா பிரச்சினை உனக்கு?" என்றார். அவரும் ஏமாற்றுகிறார்.

போன் எடுக்கவில்லை என்று கோபிக்காதே. டவர் சரியில்லை, உன் குரல் கொழகொழவென்று வருகிறது. எழுதவேண்டியதை எழுது. ஆனால் ஒன்று, நைனா கதையை மட்டும் ஆரம்பிக்காதே. சொல்லிவிட்டேன்.

மாறன்

*

குன்னூர்
13-8-2025

மாறா,

நான் நைனா பேச்சை எடுக்கவே இல்லையே. எந்தக் கடிதத்திலும் எடுக்கவில்லை. நீ ஏன் எடுத்தாய்?

இதைப் படித்ததும் போனை எடுத்துவிட்டேன். பதினோரு தடவை போன் பண்ணினேன். கடைசியில் மகாலட்சுமி எடுத்தாள். "குக்கர் ஏழு விசில் வந்துடுச்சு அண்ணி, பக்கத்துல உக்காந்துட்டே இருக்காரு. கேட்டா யோசனையில இருந்தேன்றாரு" என்றாள்.

டிவி சத்தம், குக்கர், கொழகொழ குரல், இரண்டு புது ட்வீட்டர். நீயே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார். பாண்டிச்சேரிக்குப் போய்க் காது டாக்டரைப் பார். நான் லீவு போட்டு வருகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்டா.

அக்கா

*

செஞ்சி
20-8-2025

அக்கா,

நாலு நாளாக எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். நீ வராதே. வந்தால் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய்.

பயமாக இருக்கிறது. இதை மகாலட்சுமியிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

நைனாவுக்கு ரைஸ்மில் சத்தத்தில் காது போனபோது எனக்குப் பதினேழு வயது. வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தினோம். பெத்த அப்பன் என்றுகூடப் பார்க்காமல் நான்தான் அதிகம் கத்தினேன். ஒருநாள் அவர் ரோட்டைக் கடந்தார், அவ்வளவுதான். "ஹாரன் அட்ச்சிக்கினே வந்தேன் சார், பெருசு நவுரவே இல்ல" என்று அந்த லாரி டிரைவர் ஸ்டேஷனில் அழுதது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த அழுகை எனக்கு இப்போது தினமும் கேட்கிறது. வேறு எது கேட்கிறதோ இல்லையோ, அது கேட்கிறது.

ரோட்டைக் கடக்கும்போது நான் இப்போது நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். கூட்ரோட்டில் பஸ்காரன் என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து பிரேக் போட்டான். அவன் வாய் அசைவதைப் பார்த்துத்தான் திட்டுகிறான் என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜகிரிக் கோட்டை மலை ஏறினேன். தனியாகத்தான். காலையில் அந்தப் படிக்கட்டில் பூச்சிகள் காதைக் கிழிக்குமே, ஒரு பூச்சிச் சத்தமும் இல்லை. மேலே சுவரில் மைனா ஒன்று உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்து இறங்கிவிட்டேன்.

எனக்குக் காதைத் தவிர வேறு தொழில் தெரியாது. சவுண்ட்காரனுக்குக் காது போனால் யார் கூப்பிடுவார்கள்?

ஒரே ஒரு கேள்வி. மழுப்பாதே, டாக்டர் புராணம் வேண்டாம். ஆறாவது பாட்டில் முதல் நிமிஷம் சத்தம் இருக்கிறதா, இல்லையா? நைனா மேல் ஆணையாக எழுது. இருக்கிறது என்று எழுதினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாறன்

*

குன்னூர்
25-8-2025

என் மாறனுக்கு,

இல்லை.

நான் முதலில் கேட்டது கச்சேரிக்குப் போன யாரோ போனில் எடுத்து ஏற்றிய வீடியோ. அதில் சிம்பல் இருந்தது. நேற்று ஆல்பத்தையே வாங்கி, பக்கத்து வீட்டுப் பையனின் ஹெட்போனில் நாலு தடவை கேட்டேன். நீ சொன்னதுதான் சரி. முதல் நிமிஷம் காலிதான், அந்த இருமல் மட்டும்தான் இருக்கிறது. குரூப்பில் இருப்பவர்களும் வீடியோவைக் கேட்டுத்தான் குதிக்கிறார்கள்.

நைனா மேல் ஆணை. நிம்மதியாக இரு. மலைக்கெல்லாம் தனியாகப் போகாதே.

அக்கா

*

செஞ்சி
1-9-2025

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன். மகாலட்சுமிக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். விநாயகர் சதுர்த்தி வேலையை முடித்துவிட்டு, நேற்று ஞாயிறு சிங்கவரத்தில் ஒரு காதுகுத்துக்கு மைக்செட் எடுத்துக்கொண்டு போனேன். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழந்தைக்கு ஒன்றரை வயது. அம்மா பெயர் மஞ்சு. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்து, ஆசாரி கம்பியை எடுத்துக்கொண்டு குனிந்தார். காமராஜ் என்று ஒரு சொந்தக்காரர் மைக்கைப் பிடித்துச் சீர் கொண்டுவந்தவர்கள் பேரைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் குரல் எனக்கு மந்தமாக இருந்தது, கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. அதனால் காலையிலிருந்தே மேல் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்தேன், கடைசிவரை கூட்டிவிட்டேன். காமராஜ் மைக்கோடு நடந்து பாக்ஸுக்கு நேரே வந்து நின்றார்.

திடீரென்று பந்தலில் இருந்த எல்லோரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். ஆண், பெண், குழந்தை, எல்லோரும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குழந்தைக்குக் காது குத்துவதைப் பார்க்கச் சகிக்காமல் பொத்திக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது. பிறகுதான் எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. இருநூறு பேர் காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. யாரோ ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்கள்.

ஆசாரியின் கை தூக்கிப்போட்டிருக்கிறது. குழந்தையின் காது மடல் கிழிந்துவிட்டது. பட்டுப்பாவாடையெல்லாம் ரத்தம்.

"யோவ், மைக்கு அப்படி வீல்னு கத்துது, நீ இன்னாத்துக்குச் சிரிச்சிக்கினு நிக்கிற? காது செவுடாயா உனக்கு?" என்று தாய்மாமன் என் சட்டையைப் பிடித்தார். அது எனக்கு நன்றாகக் கேட்டது.  அந்தச் சட்டைப் பையில்தான் நீ இருந்தாய்.

செஞ்சி ஆஸ்பத்திரியில் இரண்டு தையல் போட்டார்கள். நான் வெளியே நின்றேன். குழந்தை அழுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

இப்போது மறுபடி கேட்கிறேன். ஆறாவது பாட்டில் சத்தம் இருக்கிறதா, இல்லையா?

மாறன்

*

குன்னூர்
5-9-2025

மாறா,

இருக்கிறது.

முதல் நாள் நான் எழுதியதுதான் நிஜம். வீடியோவும் இல்லை, பக்கத்து வீட்டுப் பையனும் இல்லை. நைனா மேல் பொய்ச் சத்தியம் செய்தேன்.

நீ விளிம்பில் நின்று கீழே பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. உடனே மகாலட்சுமிக்குப் போன் பண்ணி உன்னைத் தனியாக விடாதே என்றேன். பிறகு 'இல்லை' என்று எழுதினேன். ஆபீஸ் கவுண்டரிலேயே எழுதி, நானே முத்திரை குத்தி, நானே தபால் பையில் போட்டேன். கொஞ்ச நாள் தள்ளிப்போட்டால் நேரில் வந்து பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ அதை நம்பி வேலைக்குப் போவாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

அந்தக் குழந்தையின் காது கண்முன்னாலேயே நிற்கிறது. மஞ்சுவின் விலாசம் எழுது. போய்ப் பார்க்கும் தைரியம் இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் எழுது.

என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே. 

ஜெயக்கொடி

*

செஞ்சி
15-9-2025

அக்கா,

ஒரு வாரமாக உன் மேல் கோபம். இன்னும் போகவில்லை. அந்தக் குழந்தையின் காதுக்கு நீயும் நானும் பாதிப் பாதி. மஞ்சுவின் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் போய்ப் பார்த்தேன். தையல் பிரித்துவிட்டார்கள். குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்தது. மஞ்சு கதவோரமாகவே நின்றாள், உட்காரச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மகாலட்சுமி பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் நிறைய அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற பெண் விடாமல் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் மகாலட்சுமி நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.  கேட்காமலே இரண்டு தடவை அழுத்தினேன், மகாலட்சுமிக்காக.

மேல் சத்தமெல்லாம் போய்விட்டது, திரும்பாது என்றார் டாக்டர். கீழே இருப்பதைக் காப்பாற்றலாம், பாக்ஸ் பக்கத்தில் நிற்கக் கூடாது, காதுக்கு மெஷின் வைக்க வேண்டும். உனக்காக ஒரு கேள்வி கேட்டேன். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால்? "அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார். அதை மட்டும் நீ தலையில் சுமக்க வேண்டாம்.

பயம் போகவில்லை. மெஷின் மாட்டிக்கொண்ட சவுண்ட்காரனை யார் நம்புவார்கள்? மகாலட்சுமி சொல்கிறாள், "நான் மிக்சர் பக்கத்துல குந்திக்கிறேன். கீச்சுன்னா கைய இறக்குறேன், நீ கொறை. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?" அனந்தபுரத்தில் ஒரு கல்யாணம் வருகிறது. போகலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இரண்டு வேலை இருக்கிறது உனக்கு. குரூப்பில் என் பேரில் எழுதிப் போடு, டிரம்ஸ்காரரின் கை சாகவில்லை, செத்தது செஞ்சி நெடுமாறனின் காது என்று. அந்த மனிதரைக் கிழவன் என்றெல்லாம் திட்டிவிட்டேன், பாவம்.

இன்னொன்று. அந்த முதல் நிமிஷத்தில் என்ன இருக்கிறது? பிரமாதம், அற்புதம் என்றெல்லாம் வேண்டாம். நொடி நொடியாக எழுது. இந்த முறை பொய் வேண்டாம்.

மாறன்

*

குன்னூர்
19-9-2025

மாறா,

பேப்பரைப் பக்கத்தில் வைத்து, முப்பது தடவைக்கு மேல் நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுகிறேன். 

முதல் நாலு நொடி ஒன்றும் இல்லை. எனக்கும் கேட்கவில்லை, நிஜமாகவே.

ஐந்தாவது நொடியில் தொடங்குகிறது. நைனா மில்லிலிருந்து வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் திரும்பும்போது பின்சக்கரத்தில் டிக் டிக் டிக் என்று வருமே, அதே சத்தம், தூரத்தில். பதினைந்தாவது நொடியில் அது வாசலுக்கு வந்துவிடுகிறது.

இருபதில் டிரம்ஸ்காரர் பிரஷை அழுத்தித் தேய்க்கிறார். பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டைக் கடலை வறுக்கிறவர் சட்டியில் மணலைக் கிளறுவது போல, சரக், சரக், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு. முப்பத்தொன்றில் ஒரு தடவை தாளம் தவறுகிறார். முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கும் வயதாகிவிட்டது, நீ சொன்னது கொஞ்சம் சரிதான்.

நாற்பதிலிருந்து இரண்டு கையும். உன் கடைத் தகரக் கூரையில் தூறல் பிடித்து, நிற்குமா வலுக்குமா என்று நாம் நிமிர்ந்து பார்ப்போமே, அந்த அளவு. வலுக்கவில்லை. ஐம்பதில் ஒரு கை நிற்கிறது. ஐம்பத்தைந்தில் மறு கை. சத்தம் மட்டும் இழுத்துக்கொண்டே மெலிகிறது.

ஐம்பத்தெட்டில் யாரோ இருமுகிறார்.

இங்கிருந்து உனக்குக் கேட்கும்.

அக்கா